குடியை விட்ட பிறகும் தம்மை விடாமலிருக்க ஏழு எளிய வழிகள்

வாழ்த்துகள். டாஸ்மாக் இருக்கும் தெருவைத் தவிர்த்து, சுற்றுவழியில் வீட்டுக்குப் போகப் பழகிவிட்டீர்கள். சம்பளம் முழுசாக வீடு சேர்கிறது. மச்சினன் கல்யாணத்தில் மொட்டைமாடிக் கோஷ்டி கண்ணைக் காட்டிக் கூப்பிட்டபோதும் பந்தியில் அசையாமல் உட்கார்ந்து இரண்டாம் முறை பாயசம் கேட்டீர்கள். இப்போது உங்களிடம் மிச்சமிருப்பது சட்டைப்பையில் உள்ள சிகரெட் ஒன்றுதான். அதையும் பிடுங்கப் பார்க்கிறார்கள். அதைக் காப்பாற்றிக்கொள்ளவே இந்தக் கையேடு. புதிதாக எதுவும் கற்க வேண்டியதில்லை. குடித்த காலத்தில் பேசிய வசனங்களைத் தூசி தட்டி, ‘சரக்கு’ வரும் இடத்தில் ‘சிகரெட்’ என்று போட்டுக்கொண்டால் போதும்.

1. ‘ரெண்டையும் ஒரே நேரத்துல விட்டா உடம்பு தாங்காது’ என்று சொல்லுங்கள்

கேட்க வைத்தியர் வாக்கு போலவே இருக்கும். போதை சிகிச்சை தருபவர்களிலேயே பலர் வெகுகாலம் இப்படித்தான் நம்பினார்கள். குடியை விட்டு மூன்று தீபாவளி கழிந்தாலும் அந்த ‘ஒரே நேரம்’ முடியாமல் நீள்வது இதன் கூடுதல் சிறப்பு. ஒரே ஒரு தொந்தரவு உண்டு. 19 ஆய்வுகளைத் தொகுத்து 2004இல் வெளியான கட்டுரை ஒன்று, போதை சிகிச்சையோடு சேர்த்துப் புகையை விடவும் உதவி பெற்றவர்கள், மதுவையும் மற்றப் போதைகளையும் நெடுநாள் தொடாமலிருக்கும் வாய்ப்பு 25 சதவீதம் அதிகம் என்கிறது. யாராவது இதைப் படித்துக் காட்டினால் பலமாக இருமுங்கள். அதற்காக நடிக்க வேண்டியிருக்காது.

2. பெரியவர்களை உதாரணம் காட்டுங்கள்

‘ஏ.ஏ.வை ஆரம்பிச்ச பில் வில்சனே ஊதித் தள்ளினவர்தான்’ என்று சொல்லலாம். உண்மைதான். குடியை விட நினைப்பவர்கள் கூடிப் பேசி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ (ஏ.ஏ.) என்ற அந்த இயக்கத்தை 1935இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் தொடங்கிய இருவரில் ஒருவர் அவர். சாகும்வரை முப்பத்தாறு ஆண்டுகள் குடிக்காமலிருந்தார். பேச்சை இங்கேயே நிறுத்திவிடுங்கள். ‘எப்படிச் செத்தார்?’ என்று கேட்க இடம் கொடுத்தால், 1971இல் எம்ஃபிசீமாவும் நிமோனியாவும் சேர்ந்து அவரைக் கொண்டுபோன கதையைச் சொல்ல வேண்டிவரும். எந்தக் குடியிலிருந்து தப்பினாரோ அது அவரைக் கொல்லவில்லை, நுரையீரல்தான் கைவிட்டது.

அவர் ஒருவர் கதை என்று தள்ளவும் முடியாது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் குடிநோய்க்குச் சிகிச்சை பெற்ற 845 பேரைத் தொடர்ந்து கவனித்து, முடிவுகளை 1996இல் வெளியிட்டார்கள். இறந்தவர்களில் பாதிப் பேரின் மரணம் புகையிலையோடு தொடர்புடையது. மதுவோடு தொடர்புடையது மூன்றில் ஒரு பங்கு. ஆகவே உதாரணம் காட்டும்போது உயிரோடு இருப்பவர்களாகப் பார்த்துக் காட்டுங்கள்.

3. ஏ.ஏ. கூட்டம் முடிந்ததும் உடனே வீட்டுக்குப் போகாதீர்கள்

வாசலில் பைக்குகளின் மேல் சாய்ந்து நிற்கும் கும்பலில் சேருங்கள். உள்ளே மைக்கில் சொல்ல முடியாததெல்லாம் அங்கேதான் வெளிவரும். கை நடுங்க முதல்நாள் வந்திருக்கும் தம்பிக்கு ஒன்றை நீட்டி, ‘இதாவது இருக்கட்டும்’ என்று சொல்லுங்கள். அவனுக்கு வேண்டியிருந்தது பக்கத்தில் நிற்க ஓர் ஆள் மட்டுமே என்பதை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

4. டீயைக் குறைக்காதீர்கள்

இது விஷயம் தெரிந்தவர்கள் மட்டும் கையாளும் வழி. புகைப்பவர் உடம்பில் கல்லீரல் காஃபினை வேகமாக வெளியேற்றும். தம்மை நிறுத்தினால் அந்த வேகம் குறைந்துவிடும். வழக்கமாகக் குடிக்கும் அதே ஆறு டீ பன்னிரண்டு டீயின் வேலையைச் செய்யும். படபடப்பு, கை நடுக்கம், விடிய விடியத் தூக்கமில்லை. உடனே அறிவியுங்கள்: ‘பாத்தீங்களா, தம்ம விட்டதாலதான் இப்படி!’ டீயைப் பாதியாக்கினால் சரியாகிவிடும் என்பது டீக்கடை மாஸ்டருக்குக்கூடத் தெரியக் கூடாது.

5. மூன்றாம் நாள் மாலைவரை மட்டும் நிறுத்துங்கள்

நிகோட்டின் இல்லாத உடம்பு மிக அதிகமாக முரண்டுபிடிப்பது முதல் சில நாட்களில்தான். இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும். ஒவ்வொரு முறை எழும் வெறியும் சில நிமிடங்களில் தணிந்துவிடும். ஆகவே கஷ்டம் உச்சத்தைத் தொட்டதும் பெட்டிக்கடைக்குப் போய், வாசலில் நுனி கனன்று தொங்கும் கயிற்றில் பற்றவைத்துக்கொள்ளுங்கள். பட வேண்டிய பாட்டையெல்லாம் பட்டு, பலன் வரும் நேரத்தில் திரும்பிவிடலாம். வருஷத்துக்கு எத்தனை முறை வேண்டுமானாலும் இதைச் செய்யலாம்.

குடியை நிறுத்தியபோது வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்து என்று உங்களை ஆஸ்பத்திரியில் படுக்கவைத்திருப்பார்கள். தம்மை நிறுத்தினால் எரிச்சல், கோபம், பசி, தூக்கக் குறைவு. உங்கள் உயிருக்கு ஒன்றும் ஆகாது. அந்த வாரம் எதிரே வருகிறவர்கள்தான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். இந்த வித்தியாசத்தை யோசிக்க ஆரம்பித்தால் கையேடு பயன் தராது.

6. விடுவதாகச் சொல்லாதீர்கள், மாற்றுவதாகச் சொல்லுங்கள்

‘இனிமே பாக்கெட் வாங்க மாட்டேன், லூஸ்லதான்.’ ‘சாப்பாட்டுக்கு அப்புறம் மட்டும்.’ ‘பீடிக்கு மாறிட்டேன், அது வெறும் இலை.’ பீடிப் புகையில் தாரும் நிகோட்டினும் சிகரெட்டுக்குக் குறைந்தவை அல்ல. ஆனால் ‘இலை’ என்ற சொல்லில் ஒரு நாட்டு மருந்து வாசனை இருக்கிறது. இ-சிகரெட்டைப் பரிந்துரைக்க வழியில்லை. 2019இலேயே இந்தியாவில் தடைசெய்துவிட்டார்கள். ‘இனிமே பீர் மட்டும்’, ‘சனிக்கிழமை மட்டும்’ என்று ஒரு காலத்தில் நீங்கள் போட்ட சட்டங்களும் அவை எத்தனை வாரம் தாங்கின என்பதும் ஞாபகம் வந்தால், வேறு பேச்சுக்கு மாறிவிடுங்கள்.

7. வீட்டின் பயத்தைச் செலவழியுங்கள்

எல்லாவற்றிலும் பலமான ஆயுதம் இது. பால்கனியில் நீங்கள் பற்றவைக்கும்போது உங்கள் மனைவி ஜன்னலை மட்டும் சாத்துவார். வாயைத் திறக்க மாட்டார். ‘அதையே விட்டுட்டார். இதையும் கேட்டு, மறுபடி அங்க போயிட்டார்னா?’ கடைக்குப் போகும்போது அவரே உங்களுக்கும் சேர்த்து ஒரு பாக்கெட் வாங்கிவரக்கூடும். நீங்கள் மிரட்ட வேண்டியதில்லை. அவர் அப்படி நினைத்துக்கொண்டிருப்பதைத் திருத்தாமல் இருந்தாலே போதும்.

எச்சரிக்கை: கையேட்டைக் கெடுப்பவை

நிகோட்டின் கம். மெதுவாகக் கடித்து, சுறுசுறுவென்றதும் கன்னத்தில் அடக்கிவைத்தால் வேலை செய்துவிடும். பபிள்கம் போல வேகமாக மென்றால் விக்கல்தான் வரும், அதையே செய்யுங்கள். மருத்துவர் எழுதித்தரும் மாத்திரைகளும் உண்டு; அந்தப் பக்கமே போக வேண்டாம்.

பாக்கெட். அதன் 85 சதவீதத்தை எச்சரிக்கை அடைத்துக்கொண்டிருக்கிறது. கூடவே 1800-11-2356 என்ற இலவச உதவி எண். கட்டைவிரலால் மறைக்கப் பழகுங்கள்.

உடம்பு. அதற்குக் கொஞ்சமும் ரோஷம் கிடையாது. கடைசி சிகரெட்டை அணைத்த இருபது நிமிடத்தில் இதயத் துடிப்பு இறங்கத் தொடங்கும். ஓராண்டில் மாரடைப்பு அபாயத்தில் புகையால் கூடியிருந்த பங்கு பாதியாகிவிடும்.

கடைசியாக, நீங்கள். ‘இன்னிக்கு ஒருநாள் மட்டும் வேணாம்’ என்று ஏதோ ஒரு மாலையில் பல்லைக் கடித்துச் சொன்னீர்களே, அந்த ஆளிடம் இந்தக் கையேட்டைக் காட்ட வேண்டாம். இதிலுள்ள சாக்குகள் அத்தனையையும் சரக்கு விஷயத்தில் ஒருமுறை கேட்டு, ஒவ்வொன்றையும் தோற்கடித்தவர் அவர்.