எலுமிச்சம்பழம் போற வழி

தம்பி, நிலாவரைக் கதை ஞாபகம் இருக்கோ? புத்தூர்ப் பக்கம், நவக்கிரியிலை, அடியில்லாக் கிணறு எண்டு சின்னனிலை கொப்பர் சைக்கிளிலை வைச்சுக் கொண்டுபோய் உனக்குக் காட்டின இடம். அதுக்குள்ள ஒரு எலுமிச்சம்பழத்தைப் போட்டால் அது கீரிமலைக் கேணியிலை வந்து மிதக்கும் எண்டு ஆச்சிமார் சொல்லுவினம். நீயும் லண்டனிலை பிள்ளையளுக்கு அதைச் சொல்லிக் குடுத்திருக்கிறாய். உன்ர பெடியன் என்னட்டை வந்து, "தாத்தா, பழம் போய்ச்சேர எத்தினை நாள் எடுக்கும்?" எண்டு கேட்டவன். நல்ல பிள்ளை. தேப்பனைப் போலை இல்லை, கேள்வி கேக்கிறான்.

போட்டுப் பார்த்தவர் ஆரெண்டு எனக்குத் தெரியாது. ஆனா அந்தக் கதை சும்மா முளைச்சதில்லை. வலிகாமத்துச் செம்மண்ணைக் கொஞ்சம் கிண்டினால் சுண்ணாம்புக்கல். கல்லு முழுக்க வெடிப்பும் பொந்தும், சில இடத்திலை குகையும். ஐப்பசி கார்த்திகை மழை அதுக்குள்ளாலை இறங்கி, அடியிலை கிடக்கிற கடல் உப்புத்தண்ணிக்கு மேலை மிதந்துகொண்டு நிக்குது. நிலாவரையிலையே மேல்தண்ணி நன்னீர், கீழை போகப்போக உப்பு. ஆறு எண்டு சொல்ல எங்களுக்கு ஒரு வழுக்கையாறு. அதுவும் மழை பெய்தால்தான் ஆறு, மிச்ச நாளிலை மாடு மேயிற தரவை. குடிக்கிறது, குளிக்கிறது, வெங்காயத்துக்கு இறைக்கிறது எல்லாம் அந்த மிதக்கிற தண்ணியை நம்பித்தான்.

இப்ப நான் கேக்கிறது இதுதான். நிலாவரையிலை போட்ட பழம் ஊர் ஊராய்த் தாண்டிக் கீரிமலைக்குப் போகுமெண்டு நம்புறாய். உன்ர கக்கூசுக் குழித் தண்ணி 40 அடி தள்ளியிருக்கிற உன்ர கிணத்துக்குப் போகாதெண்டும் நம்புறாய். பழத்துக்கு வழி விடுற கல்லு, மற்றதைக் கண்டால் மறிச்சுப்போடுமாக்கும். கல்லுக்கும் ஆசாரம் தெரியும் எண்டு நினைச்சியோ?

வீடு வடிவுதான், குறை சொல்லேல்லை. மேலை ரெண்டு, கீழை ரெண்டு, வெளியாலை வேலைக்கு வாற ஆக்களுக்கு ஒண்டு எண்டு அஞ்சு கக்கூசு. கோடை லீவுக்கு வந்து நிக்கிற நாலு பேருக்கு அஞ்சு. லண்டன் வீட்டிலை காலமை வரிசையிலை நிண்ட கோவம்போலை. இருக்கட்டும். அதிலையில்லை என்ர வழக்கு. உன்ர மேசன் குழியைக் காட்டிப் பெருமை பேசினவன்: "ஐயா, அடி போடேல்லை, கல்லிலை நல்ல வெடிப்பு ஒண்டு கண்டிருக்கிறன், இந்தக் குழி உங்கடை பேரன் காலத்திலையும் நிறையாது." ஊரிலை கனபேர் இப்பிடித்தான் சொல்லுவினம், நெஞ்சை நிமித்திக்கொண்டு: எங்கடை குழி இருவது வரியமாய் நிறையேல்லை! அட, நாளாந்தம் போறது போய்க்கொண்டுதானே இருக்கு? குழி நிறையேல்லை எண்டால் அது எங்கை போகுது எண்டு ஒருத்தரும் கேக்கிறேல்லை. நிறையாத குழி இருக்கிற வீட்டிலை எனக்குத் தண்ணி தந்தால், விரதம் எண்டு சொல்லிப்போட்டு வந்திடுவன்.

மாரியிலை இன்னும் விசேசம். நிலத்தடித் தண்ணி மேலை ஏறிக் குழியும் கிணறும் ஒரே மட்டத்திலை வந்து நிக்கும். அந்த மாசங்களிலை ரெண்டுக்கும் நடுவிலை போக்குவரத்துக்கு ஒரு தடையும் இல்லை.

சரி, தள்ளி வைச்சால் போச்சு எண்டுறாய். எவ்வளவு தள்ளி? பொதுவாய் 30 மீற்றர் எண்டு சொல்லுவினம், ஏறக்குறைய 100 அடி. அதுவும் மணலிலையும் களியிலையும் வடிபட்டுப் போற தண்ணிக்கு. வெடிச்ச கல்லுக்கு அளவுநாடா தெரியாது. ஆனாலும் அதையே வைச்சுக் கணக்குப் பார்ப்பம். உன்ர காணி 2 பரப்பு. பரப்புக்கு 10 பேர்ச் எண்டால் 2 பரப்பு ஏறக்குறைய 506 சதுர மீற்றர். நல்ல சதுரமாய் இருந்தாலும் ஒரு பக்கம் 22 மீற்றர் சொச்சம். மூலைக்கு மூலை குறுக்காலை இழுத்தால்தான் 30ஐக் கொஞ்சம் தாண்டும். ஆக, ஒரு மூலையிலை கிணத்தையும் எதிர்மூலையிலை குழியையும் வைச்சிட்டு, நடுவிலை வீட்டைக் கட்டினால் நீ சட்டத்துக்கு அடங்கின பிள்ளை. ஆனா உன்ர எதிர்மூலைதான் பக்கத்து வீட்டுக்காரற்றை கிணத்தடி. அவரும் அடங்கின பிள்ளை. அவற்றை எதிர்மூலை உன்ர கிணத்தடி. சீதனத்துக்கு உடைச்சு உடைச்சு, கொப்பற்றை காலத்திலை 12 பரப்பாய்க் கிடந்த வளவு இப்ப ஆறு வீடு, ஆறு கிணறு, எத்தினை குழி எண்டு எண்ணப் பயமாய் இருக்கு. அளவெல்லாம் சரி. உன்ரையை அவர் குடிக்கிறார், அவற்றையை நீ குடிக்கிறாய். கொடுக்கல் வாங்கலிலை பாக்கி இல்லை.

இதிலைதான் எனக்குச் சிரிப்பு வாறது. எங்கடை ஆக்கள் வேலிக் கதியால் நாலு விரல்கடை அரக்கினதுக்குத் தலைமுறையாய்க் கோடு ஏறின ஆக்கள். பூவரசங்கொப்பு இந்தப் பக்கம் சரிஞ்சால் அப்புக்காத்துக்குக் கடிதம் போகும். பனையிலை இருந்து விழுந்த ஓலை ஆருக்குச் சொந்தமெண்டு வாய்த்தர்க்கம், பேந்து கைகலப்பு. உறுதியை எடுத்துப் பார், கிணத்திலை எட்டிலை ஒரு பங்கு, வழி வாய்க்கால் உரிமை எண்டு பின்னமாய்ப் பிரிச்சு எழுதியிருக்கும். இவ்வளவு விறுமம் பிடிச்ச ஊரிலை, பக்கத்து வீட்டுக்காரன் தன்ர குழியை நிலத்துக்குக் கீழாலை அனுப்பினால் மட்டும் ஒருத்தரும் வழக்கு வைக்கிறேல்லை. இப்ப வேலிக்குப் பதிலாய் ஆறடி மதில். அத்திவாரம் எவ்வளவு ஆழம்? மூண்டடி. தண்ணி எத்தினை அடியிலை ஓடுது? ம்.

நீ இருக்கிற லண்டனிலையும் இது நடந்ததுதானே. 1854இலை, சோகோ எண்ட பகுதியிலை, புரோட் வீதியிலை ஒரு பம்பு. நல்ல தண்ணி எண்டு தூர இடத்திலை இருந்தும் வந்து அள்ளிக்கொண்டு போவினமாம். ஒரு கைக்குழந்தைக்குக் கொலரா. அதின்ரை துணி தோய்ச்ச தண்ணியை வீட்டுக் குழியிலை ஊத்தினவை. குழிச்சுவர் உக்கிப்போன செங்கட்டி. குழிக்கும் பம்புக் கிணத்துக்கும் இடைவெளி 3 அடிகூட இல்லை. 600 பேருக்கு மேலை செத்தினம். ஜோன் சினோ எண்ட வைத்தியர் வீடு வீடாய்ப் போய் ஆர் எந்தத் தண்ணி குடிச்சது எண்டு கேட்டு, அந்தப் பம்பின்ரை பிடியைக் கழட்டுவிச்சார். பக்கத்திலை பியர் காய்ச்சிற இடத்து வேலையாக்கள் தப்பிவிட்டினம். அவையளுக்குக் குடிக்கப் பியர், அதோடை தங்கடை சொந்தக் கிணறும் இருந்தது. இதை நான் சொன்னன் எண்டு கொத்தானுக்குச் சொல்லிப்போடாதை. அவன் நாளைக்கே கள்ளுக்கொட்டிலுக்குப் போக இதை ஒரு சாட்டாய் வைச்சிருப்பான்.

சுன்னாகத்திலை எண்ணெய் வந்த நேரம் நீ இஞ்சை இல்லை. மின்நிலையத்தைச் சுத்தின ஊர்களிலை வாளியை இறக்கினால் எண்ணெய்ப் படை. 2015 தொடக்கத்திலை சனம் முழுக்க றோட்டிலை. குடிதண்ணி பவுசரிலை வந்தது. வழக்கு கொழும்பு உயர் நீதிமன்றம்வரை போய், 2019இலை பாதிக்கப்பட்ட சனத்துக்கு 2 கோடி ரூபா குடுக்கச் சொல்லித் தீர்ப்பு வந்தது. நல்ல போராட்டம், நான் குறைச்சுச் சொல்லேல்லை. எண்ணெயிலை ஒரு நேர்மை இருக்கு, தம்பி. மேலை மிதக்கும், மணக்கும், தானாகவே வந்து காட்டிக்குடுக்கும். நாங்கள் போடுறது அப்பிடியில்லை.

யூரியாவைச் சொல்லுறன். வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் பக்கத்துத் தோட்டக்காரன் ஒரு பை போட்டால் நாங்கள் ஒண்டரை. பயிர் தனக்கு வேணுமானதை எடுத்துக்கொள்ளும். மிச்சம் நைத்திரேற்றாய் மாறி, இறைக்கிற தண்ணியோடை கல்லுக்குள்ள இறங்கி, திரும்பக் கிணத்துக்கு வரும். கக்கூசுக் குழியிலை இருந்து வாறதும் கடைசியிலை அதுவாய்த்தான் வந்து சேரும். நிறமில்லை, மணமில்லை, ருசியும் இல்லை. லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேலை கூடாது எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வலிகாமத்துக் கிணறு கனக்க அதைத் தாண்டிப்போட்டுது எண்டு 1980களிலை இருந்து ஆராய்ச்சிக்காரர் எழுதிக்கொண்டுதான் இருக்கினம். புட்டிப்பால் குடிக்கிற பச்சைக் குழந்தைக்குத்தான் கூட ஆபத்து. ரத்தம் ஒட்சிசனைக் காவுற வலு குறைஞ்சு உடம்பு நீலம் பாயும். நீ உடனை சொல்லுவாய், நாங்கள் கொதிக்கவைச்சுத்தானே குடிக்கிறம் எண்டு. கொதிக்கவைச்சால் கிருமி சாகும். நைத்திரேற்றுக்கு உயிரே இல்லை, என்னெண்டு சாகும்? தண்ணி வத்த வத்த அது இன்னும் கெட்டியாகும். மனிசியை வடிவாய்க் கொதிக்க வை, நல்லாய்க் கொதிக்க வை எண்டு கலைச்சுக்கொண்டு நிக்காதை.

துலா மிதிச்ச காலத்திலை ஆளுக்குக் கால் உளையும், கிணத்துக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். வாட்டர் பம்புக்குக் கால் உளைவு இல்லை. நல்லதண்ணியை உறிஞ்ச உறிஞ்ச அடியிலை கிடக்கிற உப்புத்தண்ணி மேலை வரும். தாளையடியிலை இப்ப கடல்தண்ணியிலை உப்பைப் பிரிச்சுக் குடிக்கத் தருகினம். கிணத்தை உப்பாக்கிப்போட்டு, கடலை நன்னீராக்கிக் குடிக்கிற கெட்டிக்காரர் நாங்கள்.

கிணத்தடிக்கு வா, ஒருக்கால் பார்ப்பம். பம்பைக் கிணத்துக்கட்டிலையே ஏத்தி வைச்சிருக்கிறாய். ஒழுகிற எண்ணெய் கட்டிலை இருக்கிற வெடிப்பாலை நேரை உள்ளுக்கு. மோட்டச்சைக்கிள் கழுவுறதும் இதிலைதான். ஊத்தைத் தண்ணி போக ஒரு கானைக் கீறி அந்த வாழையடிக்கு விட உனக்குக் கை வரேல்லை, வாசலுக்கு மட்டும் மாபிள் வந்திருக்கு. கோழி கட்டிலை நித்திரை. இதுகள் எல்லாம் ஒரு சனிக்கிழமை வேலை: கட்டை உயர்த்து, சுத்திவரச் சீமெந்துத் தளம் போட்டு வெளிச்சரிவு விடு, பம்பைத் தள்ளி வை, மேலுக்கு ஒரு வலை. சுகாதாரப் பரிசோதகர், பி.எச்.ஐ. ஐயாவைக் கேட்டால் குளோரின் எவ்வளவு போடுறது எண்டு அளவு சொல்லித் தருவார். தண்ணியை ஒருக்கால் சோதிக்கக் குடு, நைத்திரேற்றையும் பார்க்கச் சொல்லு.

குழிதான் பெரிய வேலை. அடியும் சுவரும் சீமெந்து பூசின தொட்டியாய்க் கட்டு. அது நிறையும். நிறையத்தான் வேணும். நிறைஞ்சால் சபைப் பவுசருக்குக் காசு கட்டி எடுப்பிக்கலாம். அந்தக் காசு கனக்க எண்டு முகத்தைச் சுழிக்கிறாய். வாசல் கேற்றிலை பொன்னிறத்திலை பேர் எழுதினதுக்கு எவ்வளவு குடுத்தனீ எண்டு நான் கேட்டனானோ?

நீ மட்டும் கட்டிப் பிரயோசனம் இல்லை, அவரும் கட்டவேணும். உனக்கும் அவருக்கும் கதை பேச்சில்லை எண்டும் தெரியும். ஆனா வேலி வழக்கு ஒண்டு இருக்கு. அடுத்த தவணைக்கு ரெண்டு பேரும் கட்டாயம் கோட்டுக்கு வருவியள். பேர் கூப்பிடுமட்டும் ஒரே வாங்கிலை இருக்கவேணும், எப்பிடியும் மத்தியானமாகும். நான் ஒரு கடதாசியிலை ரெண்டு காணியையும் கீறிக்கொண்டு வாறன், கிணறு எங்கை, தொட்டி எங்கை எண்டு. ரெண்டு பேரும் ஆளையாள் பாராமல் கடதாசியைப் பார்த்தால் காணும். வழக்கை அண்டைக்கும் ஒத்திப்போடுவினம், அதைப்பற்றி யோசியாதை. அடுத்த தவணைக்கு மேசனையும் கூட்டிக்கொண்டு வருவம்.