மீசைக்காரனும் கொடும்பாளூர்க்காரியும்

மாப்ள, 2023 ஏப்ரல்ல வந்த படத்துக்கு இன்னமும் துக்கம் காக்குற ஆளு இந்தப் புதுக்கோட்டை ஜில்லாவுலயே நீ ஒருத்தனாத்தான் இருப்ப. ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ எப்படிடான்னு கேட்டா, “நல்லாத்தான் இருந்துச்சு மாமா, ஆனா...”ங்குற. அந்த ‘ஆனா’ அரைமணி நேரம் ஓடுது. பொண்ணு பாத்துட்டு வந்தப்பவும் இதே இழுவைதான் இழுத்த. அப்புறம் அந்தப் புள்ளையவே கட்டிக்கிட்டு ரெண்டு பெத்துட்ட.

உன் வழக்க நானே வாதாடுறேன், கேளு. மொதப் புகாரு கொரலு. வீடியோ கேமுல முப்பது வருசம் போல அந்த மீசைக்கார மாரியோவுக்குப் பேசுன சார்லஸ் மார்ட்டினெட்ட ஓரங்கட்டிட்டு, கிறிஸ் பிராட்டுங்குற சினிமா நடிகர உக்கார வச்சுட்டாங்க. பழைய மனுசனுக்கு மாரியோவோட அப்பன் வேசத்துல நாலு வார்த்தை. அடுத்தது ராசகுமாரி. ஆட்டத்துல எட்டு உலகம், உலகத்துக்கு நாலு கட்டம், ஆக 32 கட்டம் தாண்டுனாத்தான் அவ மொகமே தெரியும். ஒவ்வொரு கோட்டையிலயும் காளான் தலையன் ஒருத்தன் வந்து, அவ இங்க இல்ல, வேற கோட்டையில இருக்கான்னு வயித்தெரிச்சலக் கெளப்புவான். படத்துல என்னடான்னா அவளே மாரியோவுக்குத் தாண்டக் கத்துக் குடுக்குறா. சிறையில கெடக்குறது தம்பி லூயிஜி. ஆமை ராட்சசன் பியானோ வாசிச்சுக் காதல் பாட்டுப் பாடுறதையும் திட்டுன. தனியா இருக்கும்போது அதையே நீ முணுமுணுத்தத நான் கேட்டுட்டேன், யாருட்டயும் சொல்லல.

ஒன்னையச் சொல்லிக் குத்தமில்ல. அதே மாசம் 28-ந் தேதி எனக்கும் ஒரு படம் வந்துச்சு, ‘பொன்னியின் செல்வன்’ ரெண்டாம் பாகம். வானதி யாரு? நம்ம கொடும்பாளூர் வேளிர் வீட்டுப் பொண்ணு. விராலிமலைக்குத் தெக்க மூவர் கோயில் இருக்கே, மூணுல ஒண்ணுக்கு அடித்தளம்தான் மிச்சம், அதக் கட்டுன பூதி விக்கிரமகேசரியத்தான் கதை எழுதுன கல்கி அவளுக்குப் பெரியப்பனா ஆக்கி வச்சாரு. 1950-லேர்ந்து 54 வரைக்கும் வாராவாரம் வந்த அந்தத் தொடர்கதைய எங்கப்பன், மணியம் வரைஞ்ச படங்களோட கிழிச்சுப் பைண்டு போட்டு வச்சிருந்தாரு. திருடித்தான் படிச்சேன். அந்தப் புள்ள அழுகுற அழுகையென்ன, மயங்கி விழுறதென்ன, சிம்மாசனத்துல உக்கார மாட்டேன்னு போட்ட சபதமென்ன! படத்துல நான் வெத்தல மடிச்சு நிமிர்றதுக்குள்ள வந்துட்டுப் போயிட்டா. கதையில வர்ற இன்னொரு பொண்ணு மணிமேகலைய மொத்தமாவே காணோம். “எங்க ஊருப் பொண்ணு எங்கடா”ன்னு சத்தம் போட்டேன். பக்கத்துச் சீட்டுக்காரன், “பெருசு, அவ சம்பந்தி வீட்டுக்குப் போயிருக்கா, உக்காருங்க”ன்னான்.

ஆனா என் கோவம் வேற, உன் கோவம் வேற. வானதி என்ன செய்யணும்னு கல்கி முடிவு பண்ணிட்டாரு, நான் படிச்சேன். மாரியோவத் தாண்ட வச்சது நீ. உங்கப்பன் திருச்சியிலேர்ந்து வாங்கியாந்த டிவி கேமு, மஞ்சக் கேசட்டு. ஆயிரக்கணக்குல ஆட்டம் இருக்குன்னு அட்டையில எழுதியிருக்கும், போட்டா அதே அஞ்சாறுதான் சுத்திச் சுத்தி வரும். ஓடலன்னா கழட்டி ஊதுவ. ஏழாவது உலகம் போயிருப்ப, கரண்டு போயிரும். மறுபடி மொதல்லேர்ந்து. அத்தனை குழியில விழுந்து செத்தவன் நீ. திரையில அவன் பாட்டுக்கு ஒன்றரை மணி நேரத்துல ஊரக் காப்பாத்திட்டுக் கெளம்புனா, கையில பட்டன் இல்லாம பாப்கார்னோட உக்காந்திருந்தவனுக்கு எரியாம என்ன செய்யும்? நம்ம திருவிழாவுல வள்ளி திருமணம் நாடகம் போட்டா, நாரதரும் வள்ளியும் தர்க்கம் பண்ணும்போது கூட்டம் சீட்டியடிச்சா பேச்சே தெசை மாறும். தியேட்டர்ல சீட்டியடிச்சா டார்ச்சு லைட்டுதான் வரும்.

அதனால புலம்பு மாப்ள, ஆனா மொறையாப் புலம்பு. 1993-ல நெசமான ஆளுங்கள வச்சு எடுத்த மாரியோ படம் ஒண்ணு வந்து படுத்துச்சே, அதப் பாத்து நொந்தவன் முன்னால வாயத் தொறக்காத, அடிச்சுப்புடுவான். மாரியோவப் பெத்த மியாமோட்டோவே இந்தப் படத்துக்குத் தயாரிப்பாளருன்னு எவனாச்சும் மடக்குனா, பெத்தவனவிட வளத்தவனுக்குத்தான் உரிமைன்னு அடிச்சு விடு. நம்ம ஊருல எடுபடும். படம் உலகம் பூராவும் 130 கோடி டாலருக்கு மேல அள்ளிருச்சு. திட்டிக்கிட்டே திரும்பத் திரும்பப் போன உன் டிக்கெட்டுக் காசும் அதுலதான் கெடக்கு, அத மட்டும் வெளிய சொல்லிக்காத.

மாரியோ ரெண்டாம் பாகம் ஆகாசத்துக்கே போகுதாமே? போக மாட்டேன்னு நடிக்காம டிக்கெட்ட ரெண்டாப் போடு. ‘பொன்னியின் செல்வன்’ல பாகத்துக்கு ரெண்டே முக்கா மணி நேரம் உக்கார வச்சு என் இடுப்ப ஒடிச்சுட்டாங்க. உன் மீசைக்காரன் அதுல பாதியில விட்டுருவான். எனக்கு ஓரச் சீட்டா பாத்து வாங்கு, நடுவுல ரெண்டு தடவையாச்சும் எந்திரிக்கணும். அந்த நேரத்துல என்ன நடந்துச்சுன்னு நீதான் சொல்லணும், ‘ஆனா’ இல்லாம.