கஷாயக்காரர்

காலை ஆறு மணிக்குப் பூங்காவில் நடப்பவர்களைவிட அவரைச் சுற்றி நிற்பவர்கள்தான் அதிகம். இவரைப் போல் ஒருவர் இல்லாத பூங்கா தமிழ்நாட்டில் இருக்க வாய்ப்பில்லை. ரிட்டயர்டு ஆனவர், சுகர் வந்து பல வருடம் ஆனவர். வியாதி பழசாகிவிட்டால் வைத்தியர் பட்டம் தானாக வந்துவிடுகிறது.

குட்மார்னிங்குக்குப் பதில், "ஃபாஸ்டிங் எவ்வளவு?" என்பார். நூற்றைம்பது என்றால் ஆவாரம்பூ. இருநூறு என்றால் நாவல்கொட்டைப் பொடி. முந்நூற்றைத் தாண்டியவரை மட்டும் வேப்பமரத்தடிக்குத் தள்ளிக்கொண்டு போய், "வெளியில சொல்லாதீங்க" என்று மருதம்பட்டையைச் சொல்லுவார். ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவர் அங்கிருந்து நாட்டு மருந்துக் கடைக்குப் போவார்.

அவருடைய பெரிய வித்தை சிறுகுறிஞ்சான். சட்டைப்பையிலிருந்து பாலிதீன் கவரைப் பிரித்து, வாடிய இலை ஒன்றைக் கொடுத்து, "மெல்லுங்க சார்" என்பார். பிறகு இன்னொரு பையிலிருந்து ஒரு சிட்டிகை சர்க்கரை. (சுகர்க்காரர் பையில் சர்க்கரை எதற்கு? "லோ ஆயிட்டா வேணும்ல?") வாயில் போட்டால் ஆற்று மணல்! இனிப்பு துளிகூடத் தெரியாது. "பாத்தீங்களா, சர்க்கரையையே கொன்னுடுச்சு!"

கொன்றது சர்க்கரையை அல்ல. இலையிலுள்ள ஜிம்னிமிக் அமிலங்கள் நாக்கில் இனிப்பை உணரும் இடத்தைக் கொஞ்ச நேரம் அடைத்து வைக்கின்றன. நாக்கு ஏமாந்த செய்தி ரத்தத்துக்குப் போவதில்லை; தின்ற சர்க்கரை வழக்கம்போல் வந்து சேரும். இலை ரத்தச் சர்க்கரையைக் குறைக்குமா என்பது தனிக் கேள்வி. அதற்குச் சிட்டிகைச் சோதனை போதாது.

லேபுக்குப் போவதற்கு இரண்டு நாள் முன்பிருந்து அவருக்குச் சோறு கிடையாது, வெறும் சூப். ரிசல்ட் நன்றாக வந்தால் புகழ் கஷாயத்துக்கு. வீட்டில் மாமி வேளை தவறாமல் எடுத்து வைக்கும் மெட்ஃபார்மின் மாத்திரையைப் பற்றிப் பேச்சே வராது. மூன்று மாத சராசரியைப் போட்டு உடைக்கும் ஹெச்பிஏ1சி டெஸ்ட் மட்டும் அவருக்குப் பிடிக்காது. "அதெல்லாம் கமர்ஷியல்."

நடக்க வரும் மருந்தாளுநர் பையன் ஒருநாள் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டான்: "அங்கிள், மெட்ஃபார்மினோட பூர்வீகமும் செடிதான். ஐரோப்பாவுல கலீகான்னு ஒரு செடி. அதுல இருக்கிற கலீஜின் சர்க்கரையைக் குறைக்கும், ஆனா விஷம். மேயுற ஆடே செத்துப்போகும். அதே ஜாதியில லேப்ல செஞ்ச, விஷம் குறைஞ்ச மருந்துதான் மெட்ஃபார்மின். 1957-ல ழான் ஸ்டெர்ன்ங்கிற பிரெஞ்சு டாக்டர் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பாத்து எழுதினார். அளவுதான் அங்கிள் விஷயம்."

அன்றைக்கு அவர் யாரிடமும் ஃபாஸ்டிங் கேட்கவில்லை. மறுநாள் கூட்டம் கூடியதும் பையனைக் கைதட்டிக் கூப்பிட்டார்.

"மெட்ஃபார்மினும் மூலிகைதான்னு இவங்ககிட்ட நீயே சொல்லு தம்பி. அப்புறம், அந்தச் செடி நர்சரியில கிடைக்குமா? பச்சையா அரைச்சு, தேன்ல குழைச்சு..."