ஏனுங்க யவனரே!

மேட்டுப்பாளையத்துக்காரனுக்கு ஒரு சாபம் உண்டு. மலை ரயிலில் ஏற ஊர் உலகமே விடியக்காலையில் நம் ஊருக்கு வந்து வரிசையில் நிற்கும். 1899-இல் குன்னூர்வரை ஓட ஆரம்பித்த அந்த ரயிலுக்கு நாம் கையாட்டுவதோடு சரி. சுற்றுலா என்றாலே மேலே ஏறுவது என்றாகிவிட்ட ஊரில், நான் ஒரு நாள் கீழே இறங்கினேன். அன்னூர், அவிநாசி, திருப்பூர், ஊத்துக்குளி தாண்டிச் சென்னிமலைப் பக்கம், நொய்யல் கரையில் கொடுமணல். சங்ககாலத்து நகரம். பதிற்றுப்பத்தில் கொடுமணம் என்று வருகிற ஊர் இதுதான் என்கிறார்கள்.

ஹம்பி மாதிரி தூண் வரிசை இருக்கும் என்று செல்போனுக்கு முழு சார்ஜ் ஏற்றிப் போனேன். இருந்தது மேட்டாங்காடு. நாலு செம்மறி, கொஞ்சம் வேலிமுள், வட்டமாகக் கல் போட்ட பழைய கல்லறைகள். ஆடு மேய்த்த பெரியவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

"எடம் பாக்க வந்தீங்ளா?"

"ஆமாங்க, பழைய எடம்."

"பழசு புதுசெல்லாம் ஒரே வெலதானுங்க."

அரண்மனை இல்லையே என்று வருத்தப்பட ஒன்றுமில்லை. இது பட்டறை ஊர். ராஜா பக்கத்திலேயே குடியிருந்தால் வேலை ஓடியிருக்காது. 1985 முதல் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் தோண்டியபோது இரும்பு உருக்கிய உலைகளும், கல்லை அறுத்துத் துளைபோட்டு மணி செய்த தடயங்களும் கிடைத்தன. பெரில் என்கிற கடல்நிறக் கல் காங்கயம் பக்கத்துப் படியூரிலேயே உண்டு. யவனர் என்ற கிரேக்க, ரோமானியரின் வியாபாரம் முசிறித் துறைமுகத்திலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக இந்தப் பக்கம் ஏறி வந்தது. வந்தவனுக்கு என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

"ஏனுங்க யவனரே, வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல தண்ணி குடிங்க."

"இந்தக் கல் என்ன விலை?"

"உங்களுக்குப் போயி வெல சொல்றதுங்ளா? அந்தப் பைய இப்படி வெய்யுங்க, பாத்துக்கலாமுங்க."

பை போனது போனதுதான். இந்தியா வருடத்துக்கு 5 கோடி செஸ்டர்ஸ் காசை உறிஞ்சுகிறது என்று ரோமாபுரியில் பிளினி கணக்கெழுதிப் புலம்பினார். போதாக்குறைக்கு, இந்தியர்கள் படிகக்கல்லுக்குச் சாயம் ஏற்றிப் பெரில் மாதிரி போலி செய்கிறார்கள் என்றும் எழுதிவைத்தார். நல்லவேளை, எந்த ஊர் என்று சொல்லவில்லை. கொங்கு மானம் தப்பியது. சாயம் ஏற்றுவதில் நொய்யல் கரைக்கு உள்ள கைராசியைப் பற்றி நான் வாய் திறக்க மாட்டேன். பக்கத்திலேயே திருப்பூர்ச் சாயத்தண்ணி தேங்கிய ஒரத்துப்பாளையம் அணை இருக்கிறது, அதைக் கேளுங்கள்.

ஒரு கல்லறையில் மட்டும் 2,200-க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்திருக்கின்றன. செல்வச் சீமான் என்கிறார்கள். எனக்கென்னவோ ஆர்டர் கேன்சல் ஆன ஆள் என்றுதான் தோன்றுகிறது.

ஆனால் கொடுமணலின் பெரிய புதையல் பானை ஓடுகள். 500-க்கும் மேற்பட்ட ஓடுகளில் தமிழ் பிராமியில் கீறல்கள், பெரும்பாலும் ஆட்களின் பெயர்கள். ஒன்றில் 'கண்ணன் ஆதன்'. சாமானியருக்கும் அன்றே எழுதப் படிக்கத் தெரிந்திருந்தது என்பதற்கு இது சாட்சி என்கிறார்கள் அறிஞர்கள். இருக்கட்டும். பாத்திரக் கடையில் மெஷின் வைத்துப் பேர் வெட்டி வாங்குகிற எந்தக் கொங்குநாட்டு அம்மாவைக் கேட்டாலும் உண்மைக் காரணத்தைச் சொல்லிவிடுவார்: விசேஷ வீட்டில் பாத்திரம் மாறிப் போகக்கூடாது.

பேர் வெட்டினால் மட்டும் திரும்பி வருமா என்ன? ராத்திரி வீடு வந்து சோற்றில் ரசம் ஊற்றும்போது போசியைத் திருப்பிப் பார்த்தேன். விளிம்பில் எதிர்வீட்டுக்காரர் பெயர், போன தைப்பொங்கல் தேதியோடு. இன்னும் இரண்டாயிரம் வருடம் கழித்து எங்கள் வீட்டைத் தோண்டுகிறவர்கள், இங்கே குடியிருந்தவர் அவர்தான் என்று தீர்மானமாக எழுதிவிடுவார்கள். கண்ணன் ஆதன் ஓடும் யார் வீட்டில் கிடைத்ததோ! பாவம், மனுசன் எத்தனை தடவை வாசலில் வந்து நின்று கேட்டிருப்பாரோ.