நறுக்கினால் வரி!

கேள்வி: அமெரிக்காவில் மாநில, உள்ளாட்சி வரிக்கென்றே தனி வழக்கறிஞர்கள் இருக்கிறார்களாமே, அவ்வளவு வேலையா இருக்கிறது?

பதில்: இருக்கிறது. அங்கே விற்பனை வரியை 45 மாநிலங்கள் தனித்தனியே விதிக்கின்றன. பல இடங்களில் கவுன்டியும் நகரமும் தம் பங்கையும் சேர்க்கின்றன. நியூயார்க்கில் பேகல் ரொட்டியை முழுதாக வாங்கிப்போனால் விற்பனை வரி இல்லை. அதையே கடைக்காரர் நறுக்கித் தந்தால் உண்டு. கத்தி பட்ட இடத்தில் வரியும் பட்டுவிடுகிறது!

இத்துறையைப் புரட்டிப்போட்டது, 2018-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ‘சவுத் டகோட்டா எதிர் வேஃபேர்’ வழக்கில் தந்த தீர்ப்பு. அதுவரை ஒரு மாநிலத்தில் கடையோ கிடங்கோ ஆளோ இல்லாத நிறுவனத்தை, விற்பனை வரி வசூலித்துக் கட்டு என்று அம்மாநிலம் கட்டாயப்படுத்த முடியாமல் இருந்தது. தீர்ப்பு அந்த அரணை நீக்கியது. சவுத் டகோட்டா சட்டப்படி ஆண்டுக்கு 1,00,000 டாலருக்கு மேல் அங்கே விற்றாலே பொறுப்பு வந்துவிடும். மற்ற மாநிலங்களும் தத்தம் வரம்பை வகுத்தன. இணையத்தில் விற்கும் சிறு வியாபாரிக்குக்கூட எங்கெங்கே பதிவு செய்வது என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது.

தணிக்கை, மேல்முறையீடு, சொத்து வரி மதிப்பீட்டுத் தகராறு ஆகியவையும் இந்த வழக்கறிஞர்கள் கைக்கே வரும். இந்த வேலைக்கு வர, பட்டப்படிப்புக்குப் பின் 3 ஆண்டு சட்டப் படிப்பு, பிறகு மாநில பார் தேர்வு (வழக்கறிஞர் உரிமத் தேர்வு). பலர் ஓராண்டு வரிச் சட்ட மேற்படிப்பும் முடிக்கிறார்கள். கணக்கும் சட்டமும் ஒருசேரப் பிடித்தவர்களுக்கே இது ஏற்ற தொழில்.