கடைசிப் பெட்டி

"கூத்தாடிச்சி மூஞ்சியப் பாக்கறதுக்குக் காசு வேற குடுக்கணுமாக்கும்!"

அப்பத்தாவின் தீர்ப்பு அது. மேல்முறையீடு கிடையாது. 'கிழக்கே போகும் ரயில்' 1978-லேயே வெளிவந்துவிட்டது என்றாலும், ஆண்டிபட்டிப் பக்கம் எங்கள் ஊர் டூரிங் டாக்கீஸுக்கு அது வந்து சேர்ந்தபோது பட்டணத்தில் எல்லோரும் பார்த்து முடித்திருந்தார்கள். ஒற்றை மாட்டு வண்டியில் தட்டி கட்டி, குழாய் ஒலிபெருக்கியில் ஒருவர் கத்திக்கொண்டே போனார். படத்தை இயக்கிய பாரதிராஜா எங்கள் பக்கத்து ஆள். அதனால் ஊரே கிளம்பியது, அப்பத்தாவைத் தவிர.

அம்மாவின் தங்கை, என் சித்தி, "கோயிலுக்குப் போறோம்" என்று சொல்லி என்னைக் கூட்டிப்போனாள். நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு மணலைக் குவித்து உட்கார்ந்து நான் பார்த்த முதல் கதாநாயகி ராதிகா. லண்டனில் படித்துவிட்டு வந்த பெண் என்று சித்தி காதில் சொன்னாள். திரையில் இருந்ததோ பாஞ்சாலி. எங்கள் தெருவில் தண்ணீர்க் குடத்தோடு போகிற எந்த அக்காவையும்விட அவள் பட்டிக்காட்டுக்காரியாக இருந்தாள்.

அந்தப் படத்தில் காதலன் ரயிலின் கடைசிப் பெட்டியில் சேதி எழுதி அனுப்புவான். பாஞ்சாலி தண்டவாளத்தோரம் நின்று படிப்பாள். எங்கள் ஊர் வழியாகவும் ஒரு ரயில் கிழக்கே போனது: போடியிலிருந்து மதுரைக்குப் போகும் மீட்டர்கேஜ் வண்டி. நானும் என் தோழியும் சாக்குக்கட்டியோடு ஸ்டேஷனுக்கு ஓடினோம். காதலன் யாரும் கைவசம் இல்லாததால் கணக்கு வாத்தியாரின் பட்டப்பெயரை எழுதினோம். வண்டி மதுரைக்குப் போய்விட்டு சாயங்காலம் திரும்பி வந்தது. எழுத்து அழியவில்லை. அதே வண்டியில் மதுரைக்குப் போயிருந்த வாத்தியார், அதே பெட்டியிலிருந்து இறங்கினார். அடுத்த நாள் முதல் பீரியடே கணக்கு.

ராதிகாவின் அப்பா யார் என்ற ஒரேயொரு விஷயம் அப்பத்தாவைக் கொஞ்சம் அசைத்தது. "எம்.ஆர்.ராதா மகளாமே! அந்த மனுசன் சாமியவே விட்டுவைக்கமாட்டாரே." வசவா மரியாதையா என்று அந்தக் குரலில் பிரிக்க முடியவில்லை. 1979 செப்டம்பரில் அவர் இறந்த செய்தி ரேடியோவில் வந்தபோது, அப்பத்தா அரிவாள்மனையை ஒதுக்கி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

பிறகு நான் வளர்ந்தேன், ராதிகாவும் வளர்ந்தார். 'இன்று போய் நாளை வா'வில் மூன்று பேர் அவர் பின்னால் அலைந்தார்கள். 'சிப்பிக்குள் முத்து'வில் சின்னப் பையனோடு நிற்கும் விதவை. 'ஊர்க்காவலன்' படத்தில் ரஜினிக்கு ஜோடி. நடுவில், 1985-ல், பிரதாப் போத்தன் முதன்முதலாக இயக்கிய 'மீண்டும் ஒரு காதல் கதை'யைத் தயாரித்ததும் அவர்தான். தேசிய விருது வாங்கிய படம். எங்கள் ஊர்ப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

1993-ல் 'கிழக்குச் சீமையிலே'. மறுபடி பாரதிராஜா, மறுபடி கிழக்கு. பாஞ்சாலி இப்போது விருமாயி ஆகி, கல்யாண வயதில் ஒரு பையனுக்குத் தாயாகியிருந்தாள். ராதிகாவுக்கு அப்போது வயது முப்பதைத்தான் ஒட்டியிருக்கும். கூட நடித்த ஆண்களுக்குச் சினிமாவில் வயது ஏறுவதற்குத் தனிக் காலண்டர் உண்டு. நடிகைகளுக்கு லீப் வருஷம்கூடக் கிடையாது, தேதியைக் கிழிக்கிற கைதான் வேறு யாருடையதோ.

அந்தக் காலண்டரை ராதிகா தன் கைக்கு மாற்றிக்கொண்ட கதை 1999 டிசம்பரில் தொடங்குகிறது. சன் டிவியில் 'சித்தி'. ராடான் தயாரிப்பு. அம்மா வேஷத்துக்குக் கூப்பிடுவார்கள் என்று காத்திராமல், கம்பெனியும் தன்னுடையதாக, கதையின் நடுவிலும் தானாக நின்றுகொண்டார். தமிழ்ச் சினிமாவில் சித்தி என்றால் சூடு போடுகிறவள், சோறு போடாதவள். இங்கே சாரதா, மூத்த தாரத்தின் குழந்தையைக் கண்ணாக வளர்க்கிறவள்.

எங்கள் வீட்டில் என்ன ஆயிற்றென்றால், ராத்திரிச் சாப்பாடு முன்னால் நகர்ந்தது. டைட்டில் பாட்டு கேட்பதற்குள் பாத்திரம் கழுவியாக வேண்டும். யாராவது விருந்தாளி வந்து கதவைத் தட்டினால், "விளம்பரம் போடட்டும், திறக்கலாம்" என்பாள் ஒருத்தி. அந்த ஒருத்தி யார்? காசு கொடுத்து மூஞ்சி பார்க்கக்கூடாது என்று சட்டம் போட்ட அதே அப்பத்தா! கேபிள்காரனுக்கு மாதாமாதம் சுருக்குப் பையிலிருந்து காசு எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். கரண்ட் போனால் தெருமுனை டிரான்ஸ்பார்மருக்குச் சாபம் விடுவாள். வெள்ளிக்கிழமை 'தொடரும்' போட்டுவிட்டால் திங்கள் ராத்திரிவரை சாரதாவின் கவலை அவள் கவலை. அப்பா ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட அவள் இவ்வளவு பேரிடம் விசாரித்ததில்லை.

ஒருநாள் ராத்திரி வாய் தவறிவிட்டது. "என்ன இருந்தாலும் சித்தின்னா பத்மினிதாண்டி. இவ அப்பன்தான் அதுல கெழட்டு மாப்பிள்ள, என்னா அட்டகாசம் பண்ணுவான்!"

நான் திரும்பிப் பார்த்தேன். பத்மினியும் எம்.ஆர்.ராதாவும் நடித்த 'சித்தி' 1966-ல் வந்த சினிமா.

"நீ எப்பப் பாத்த அப்பத்தா?"

"யாரு பாத்தா? சொல்லிக் கேட்டது. டிவியப் பாருடி."

அன்று யாரிடம், எந்தக் கோயிலுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாளோ!

அதற்கப்புறம் 'அண்ணாமலை', 'செல்வி', 'அரசி', 'செல்லமே' என்று வருஷங்களைச் சீரியல் பேரால் கணக்கிட்டோம். என் மகள் பிறந்தது 'அண்ணாமலை' காலம். 2013-ல் வந்த 'வாணி ராணி'யில் ஒருத்தி வக்கீல், இன்னொருத்தி வீட்டோடு இருப்பவள், இரண்டும் ராதிகா. 2018 வரை ஓடியது. அதற்குள் சோபாவில் அப்பத்தாவின் இடம் காலியாகி, அம்மா அங்கே நகர்ந்து உட்கார்ந்திருந்தாள். 2020-ல் 'சித்தி 2' வந்தது. அடுத்த வருஷமே ராதிகா விலகிக்கொள்ள, சித்தி இல்லாமலே சித்தி ஓடியது.

போன மாதம் மகளோடு தேனியிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்தேன். அகலப்பாதைக்காக 2010 கடைசியோடு நிறுத்திய வண்டி, 2022-ல்தான் திரும்பி வந்திருக்கிறது. ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் பழைய 'சித்தி' ஒன்றை ஓட்டிக்கொண்டிருந்தேன், காதில் குழாயை மாட்டிக்கொண்டு. ஒரு காலத்தில் தெருவே சேர்ந்து அழுத காட்சிக்கு நான் தனியாக அழ வேண்டியிருந்தது.

மகள் எட்டிப் பார்த்தாள். "இது 'லவ் டுடே' அம்மாதானே? 'தெறி'யில விஜய்க்கு அம்மா. சின்ன வயசுலயும் நல்லாத்தான் இருந்திருக்காங்க."

"அம்மாவா? ரஜினிக்கே ஜோடிடி அவங்க."

"தெரியுமே. 'கபாலி'. ராதிகா."

அது ராதிகா ஆப்தே என்று சொல்ல வாயெடுத்தேன். 'தெறி'யும் 'கபாலி'யும் ஒரே 2016-ல் வந்தவை என்பது அப்போதுதான் உறைத்தது. ரஜினிக்கு மனைவி ராதிகாதான், ஆள்தான் வேறு. மகள் அதற்குள் காதுக்குழாயை மாட்டிக்கொண்டுவிட்டாள்.

மதுரையில் இறங்கினோம். கூட்டம் படிக்கட்டுப் பக்கம் போனது. நான் மட்டும் எதிர்ப்பக்கம் நடந்தேன். "எங்கம்மா போற?" என்றாள் மகள். கடைசிப் பெட்டிவரை போய்ப் பார்த்தேன். யாரும் எதுவும் எழுதியிருக்கவில்லை. இதுதான் கடைசி என்பதற்கு ரயில்வேக்காரர்கள் போடுகிற அடையாளம் மட்டும் மஞ்சளில் பெரிதாக இருந்தது: ஒரு பெருக்கல் குறி. கணக்கு வாத்தியார் நினைவு வந்து, வேகமாகத் திரும்பி நடந்தேன்.