காட்டில் ஒரு மோட்டார்

சான் ஹொசே

அன்புள்ள மாமாவுக்கு,

‘படுத்ததும் தூங்கிடறார், கொடுத்து வைத்தவர்’ என்று அத்தை உங்களைப் பற்றிப் போனில் பெருமைப்பட்டார். கூடவே, கல்யாண வீட்டு நாற்காலியிலும் தூங்குகிறீர்கள், ராத்திரி குறட்டை நடுவில் நின்றுபோய்த் திடுக்கென்று மறுபடி கிளம்புகிறது என்றார். எனக்கும் அதேதான் இருந்தது. ஸ்லீப் ஆப்னியா என்றார் டாக்டர். தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து மூச்சுப் பாதை மூடிக்கொள்கிறது. அவர் எனக்குக் கொடுத்த சிபேப் என்ற மிஷின், குழாயும் மாஸ்க்குமாக மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பி அந்தப் பாதையைத் திறந்தே வைக்கிறது.

‘நம்ம ஊர் கரண்ட்டுக்கு அதெல்லாம் ஒத்துவராது’ என்று நீங்கள் சொன்னதாகக் கேள்வி. அதனால்தான் நான் காட்டுக்குப் போய்வந்த கதையை எழுதுகிறேன்.

இந்த ஊர்க்காரர்கள் வருஷம் முழுக்க உழைத்து வீட்டுக்கடன் கட்டுவார்கள். லீவு வந்தால் அந்த வீட்டைப் பூட்டிவிட்டு மண் தரையில் படுக்கப் போவார்கள். அதற்கும் அடிதடி. யோசெமிட்டி என்கிற காட்டுப் பூங்காவின் பள்ளத்தாக்கில் கூடாரம் போட ஐந்து மாதம் முன்பே, 15-ம் தேதி காலை 7 மணிக்குக் கம்ப்யூட்டரில் காத்திருக்க வேண்டும். தட்கலில் பழகிய கை, கிடைத்துவிட்டது.

அங்கே பிளக் பாயின்ட் கிடையாது. ஜெனரேட்டரைக் காலை, மதியம், மாலை இரண்டிரண்டு மணி நேரம் மட்டும் ஓட்டலாம். ராத்திரி 10 மணிக்கு மேல் சத்தமே கூடாது. நம் வீட்டுக் குறட்டையை அவர்கள் கேட்டதில்லை, பாவம். நான் லித்தியம் பேட்டரி கொண்டுபோயிருந்தேன். மிஷினில் தண்ணீரைச் சூடாக்கும் பகுதிதான் கரண்ட்டைக் குடிக்கும். அதையும் சூட்டுக் குழாயையும் அணைத்துவிட்டால் பேட்டரி நின்று பேசும். இன்வெர்ட்டர் வழியாகச் சுற்றாமல் டி.சி. ஒயரில் நேராகக் கொடுத்தால் இன்னும் மிச்சம். குளிர்ந்த காற்று உள்ளே போய் மூக்கு விறைத்தது உண்மை. ஆனால் விடிய விடிய ஓடியது, மாமா.

கரடி விஷயம் தனி. சாப்பாடு மட்டுமில்லை, பற்பசை, சோப்பு என்று வாசனையுள்ள எதையும் கூடாரத்தில் வைக்கக் கூடாது. இரும்புப் பெட்டியில் பூட்ட வேண்டும். ராத்திரி காரிலும் வைக்க முடியாது, கரடி கதவைப் பிய்த்துவிடும். அத்தை அனுப்பிய இட்லிப் பொடியும், மாஸ்க்கைத் துடைக்கும் எலுமிச்சை வாசனைக் காகிதமும் ஒரே பெட்டிக்குள் போயின. மாஸ்க்கும் குழாயுமாக நான் படுத்திருந்த கோலத்தைப் பார்த்து, ‘பிள்ளையாரே, கரடி வந்தால் நீங்களே பேசிக்கொள்ளுங்கள்’ என்று உங்கள் மருமகள் போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

மறுநாள் சாயங்காலம் பக்கத்துக் கூடாரத்து வெள்ளைக்காரத் தாத்தா வந்தார். கையில் அவருடைய மிஷின்! என்ன பிரஷர், எந்த பேட்டரி, தாடியோடு மாஸ்க் பொருந்துகிறதா என்று பேச்சு நீண்டது. உலகமே பார்க்க வருகிற ஹாஃப் டோம் பாறை பின்னால் சிவந்துகொண்டிருந்தது. நாங்கள் இருவரும் அதற்கு முதுகைக் காட்டி ஒயரை ஆராய்ந்துகொண்டிருந்தோம்.

இந்த சிபேப் மிஷினைக் கண்டுபிடித்தவர் சிட்னியில் காலின் சல்லிவன் என்ற டாக்டர். 1980-ல் வாக்குவம் கிளீனர் மோட்டாரை வைத்தே முதல் மிஷினைக் கட்டினார். அதற்கு முன் இந்த வியாதி முற்றியவர்களுக்குக் கழுத்தில் துளை போடுவார்கள். நமக்கு மாஸ்க் தேவலை.

ஆகவே கரண்ட் கட் சாக்கு இனி செல்லாது. திருச்சியில் நுரையீரல் டாக்டரைப் பார்த்து ஒரு ராத்திரித் தூக்கப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நாற்காலியிலேயே தூங்குகிறவர் நீங்கள், உங்கள் ஸ்கூட்டரை அதுவரை தம்பி ஓட்டட்டும். டாக்டரிடம் காட்ட உங்கள் குறட்டையை அத்தை போனில் பதிவு செய்யட்டும். எனக்கும் அனுப்புங்கள், ஐந்து நிமிஷம் போதும். முழு ராத்திரிக்கு என் போனில் இடமில்லை.

அன்புடன்,
உங்கள் மருமகன்